ஓட்டர் லிஸ்ட்டுக்காகக் கதவைத் தட்டுபவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி இது. பெரம்பூரில் வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஓட்டு இன்னும் சூளைமேட்டில், பழைய வீட்டு முகவரியில் இருக்கிறது. வார நாளில் இரண்டு முறை ஒரு பெண்மணி வந்து, "மாநகராட்சியிலிருந்து வர்றோம், ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கணும்" என்று கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் தனியாக இருந்த மாமியார் பயந்து கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு கட்சிக்காரர் வந்து ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். மறுநாள் போனில் ஒருவர் ஓடிபி கேட்டார். மாமியார் பாதி நாள் கும்பகோணத்தில் இருப்பவர், அவருக்கு ஓட்டு அங்கே. இதில் யார் உண்மையான ஆள், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஓட்டு போய்விடுமா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த பெண்மணி பெரும்பாலும் உண்மையான ஆள்தான், அவருக்குப் பதில் சொல்லுங்கள். கட்சிக்காரரும் உண்மையான ஆளாகவே இருக்கலாம், ஆனால் அவரிடம் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. போனில் ஓடிபி கேட்டவன் திருடன். ஓட்டு போகுமா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அயனாவரம் பக்கம் ஒரு வாக்குச்சாவடிக்குப் பல வருடம் பி.எல்.ஓ.வாக இருந்தேன். அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். அந்தத் தெருக்களில் மூடிய கதவுகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

வருபவர்கள் ஏன் "மாநகராட்சியிலிருந்து" என்று சொல்கிறார்கள் என்று பலருக்கும் குழப்பம். வாக்காளர் பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. ஆனால் ஆணையத்துக்கென்று தெருத் தெருவாகப் போக ஆள் கிடையாது. மற்ற மாவட்டங்களில் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி. சென்னையில் அந்த வேலை மாநகராட்சி ஆணையருக்கு. அதனால் இங்கே பட்டியல் வேலைக்கு வருபவர்களில் மாநகராட்சி ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று எல்லாரும் உண்டு. வேலை நேரம் போக மீதி நேரத்தில்தான் இதைச் செய்கிறார்கள். நாள் முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுவிட்டு, சாயங்காலம் நான்கு மாடி ஏறி வரும் அங்கன்வாடி அக்கா ஒருவர்தான் உங்கள் பெண்மணியாகவும் இருப்பார். இதற்குக் கிடைக்கும் மதிப்பூதியம் வருடத்துக்கு 6,000 ரூபாயாக இருந்தது. 2025இல்தான் அதை 12,000 ஆக்கினார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் ஆயிரம் ரூபாய். இதைச் சொல்வதற்குக் காரணம், வருபவர் உங்களைச் சோதனை போட வந்த அதிகாரி என்ற பயம் வேண்டாம் என்பதுதான்.

ஒரு பி.எல்.ஓ.வுக்கு ஒரு வாக்குச்சாவடி. முன்பு ஒரு சாவடிக்கு 1,500 பேர் வரை இருக்கலாம், இப்போது 1,200 என்று வரம்பைக் குறைத்திருக்கிறார்கள். அந்தச் சாவடிக்கு உரிய பட்டியலைத்தான் "பாகம்" என்கிறோம். உங்கள் பாகம் எண் வேறு, மாநகராட்சி வார்டு எண் வேறு. சென்னையில் 200 வார்டு உண்டு, அது கவுன்சிலர் தேர்தலுக்கு. பி.எல்.ஓ.விடம் "நாங்க இந்த வார்டு" என்று சொன்னால் அவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும்தான் அவருக்கு வேண்டும்.

உண்மையான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழுத்தில் படத்துடன் அடையாள அட்டை இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கும் வீட்டைப் பார்த்தால் எனக்கெல்லாம் நிம்மதியாகத்தான் இருக்கும், அங்கே பேச ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அட்டையைப் பார்த்த பிறகும் சந்தேகம் என்றால், தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலோ இசிஐநெட் செயலியிலோ உங்கள் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டால் உங்கள் பாகத்து பி.எல்.ஓ.வின் பெயரும் போன் நம்பரும் வரும். அதிலேயே பி.எல்.ஓ. உங்களைத் திருப்பிக் கூப்பிடும்படி பதிவு செய்யவும் வசதி இருக்கிறது. இணையமெல்லாம் சரிப்படாது என்றால் 1950க்குப் போன் செய்யுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். உங்கள் அட்டை எண்ணைப் போட்டால் சூளைமேட்டு பி.எல்.ஓ. பெயர்தான் வரும். பெரம்பூரில் உங்கள் கதவைத் தட்டியவர் வேறு ஆள். பக்கத்து வீட்டில் பெரம்பூர் ஓட்டு இருக்கும் யாருடைய எண்ணையாவது கேட்டுப் போட்டுப் பாருங்கள்.

அவர் வந்து உண்மையில் என்ன பார்க்கிறார்? ஒரே விஷயம். இந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று. வீடு சொந்தமா வாடகையா, வரி கட்டினீர்களா, குடிநீர் இணைப்புக்கு அனுமதி வாங்கினீர்களா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் தாளில் கிடையாது. சட்டத்தின் சொல் "சாதாரணமாக வசிப்பவர்". 1950ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19, 20ஆம் பிரிவுகளில் இருக்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதேபோல, கொஞ்ச காலம் ஊருக்குப் போய்விட்டதால் மட்டும் வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது.

படுத்துத் தூங்கும் இடம் எது என்பதுதான் கணக்கு. இதை நான் புரிந்துகொண்டது பிராட்வே பக்கம் வேலை பார்த்த ஒரு சக ஊழியர் சொல்லித்தான். நடைபாதையில் குடியிருப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு, முகவரிச் சான்று எதுவும் கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாக பி.எல்.ஓ. இரவில் போய், படிவத்தில் எழுதிய இடத்தில் அந்த ஆள் உண்மையிலேயே படுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரு நாள் பார்த்தால் போதாது. அவர் டார்ச் எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்குப் போய், மூடிய கடை ஷட்டர் ஓரமாக ஒரு குடும்பத்தைப் பார்த்துப் படிவத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தம்மா போர்வையை விலக்கிவிட்டு, "இன்னிக்கும் வந்துட்டியா? இங்கதான்மா இருக்கேன், எங்க போவேன்?" என்றாராம். ஷட்டர் ஓரத்துக்கே முகவரி உண்டு என்றால், வாடகை வீட்டுக்கு இல்லாமல் போகுமா?

ஆனால் வாடகைக்காரர்களுக்குத்தான் இதில் நிஜமான தொல்லை. அதைத் தருவது பல சமயம் வீட்டு ஓனர். "அவங்க பேரெல்லாம் இந்த அட்ரஸ்ல போடாதீங்க டீச்சர்" என்று மாடியிலிருந்து எட்டிப்பார்த்துச் சொன்ன ஓனர்கள் எனக்குப் பலர். காரணம் கேட்டால், பெயர் ஏறிவிட்டால் நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டார்களாம், வீட்டின் மேலே உரிமை கொண்டாடுவார்களாம். சென்னையில் இந்த வதந்திக்கு வயதே கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வீட்டின் மீது யாருக்கும் எந்த உரிமையும் தராது. பெயர் சேர்க்க ஓனரின் சம்மதமும் வேண்டியதில்லை. படிவத்தில் ஓனர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. முகவரிச் சான்றுக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது பல சான்றுகளில் ஒன்று. இங்கே பாதிப் பேரிடம் இருப்பது பதினொரு மாத ஒப்பந்தம், பதிவு செய்யாத ஸ்டாம்ப் பேப்பர். அதைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ஆதாரில் முகவரி மாற்றியிருந்தால் அது போதும். இல்லையென்றால் பேங்க் பாஸ்புக் அல்லது கேஸ் பில். எதுவுமே இல்லையென்றாலும் பி.எல்.ஓ. நேரில் வந்து பார்த்து எழுதும் வழி இருக்கிறது. அதற்குத்தான் கதவைத் திறக்கச் சொல்கிறேன்.

கதவு மூடியே இருந்தால் என்ன ஆகும்? என் தப்பு ஒன்றையே சொல்கிறேன். ஒரு ஒண்டுக்குடித்தன வளாகத்தில் ஒரு வீடு மூன்று முறை போயும் பூட்டிக்கிடந்தது. எதிர் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அவங்களா, எப்பவோ காலி பண்ணிட்டாங்களே" என்று நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார். நான் பென்சிலால் "குடிபெயர்ந்தார்" என்று குறித்துக்கொண்டேன். அறிவிப்பும் அந்தப் பூட்டிய கதவுக்கே போய்த் திரும்பி வந்தது. பார்த்தால், மகள் பிரசவத்துக்காகத் திண்டுக்கல் போய் மூன்று மாதம் தங்கியிருக்கிறார்கள். எதிர் வீட்டு அம்மாவுக்கும் அவர்களுக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டை, பேச்சு வார்த்தை கிடையாது. முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒட்டியிருந்த பட்டியலில் விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார்கள். பெயரைப் புதிதாகச் சேர்க்கும் படிவம் 6ஐ நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நீங்கள் பதில் சொல்லாத கேள்விக்கு இப்படி வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இது பெரிய அளவில் நடந்தது. எஸ்.ஐ.ஆர். என்றால் எல்லாருக்கும் தெரியும். அச்சிட்ட கணக்கெடுப்புப் படிவம் வீட்டுக்கு இரண்டு பிரதியாக வந்தது. ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பி.எல்.ஓ. கையெழுத்திட்ட மற்றொன்றை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு பூட்டியிருந்தால் மூன்று முறையாவது போக வேண்டும் என்பது உத்தரவு. டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது சென்னை மாவட்டத்தில் 40.04 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 25.79 லட்சமாகிவிட்டது. 14 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அதில் இறந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம்தான். 12 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் "குடிபெயர்ந்தவர்கள்" கணக்கில் வந்தார்கள். இந்த ஊரில் வாடகை ஏறினால் ஏரியா மாறுகிறோம், பள்ளிக்கூடம் மாறினால் ஏரியா மாறுகிறோம், ஓட்டை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம். நீங்கள் சூளைமேட்டில் விட்டு வந்தது மாதிரி.

அதனால், முதலில் உங்கள் பெயர் சூளைமேட்டுப் பட்டியலில் இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படிவம் 8. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், அட்டை தொலைந்தால் புது அட்டை எல்லாமே இப்போது இந்த ஒரே படிவத்தில்தான். தொகுதி மாறினாலும் இதுவே போதும், 2022க்கு முன் இதற்கு வேறு படிவம் இருந்தது. அட்டை எண் மாறாது. பெயர் இல்லையென்றால் படிவம் 6, புதிதாகச் சேர்ப்பது. பலர் செய்யும் தவறு, பழைய இடத்தில் பெயர் இருக்கும்போதே "முன்பு எங்கும் பதிவு இல்லை" என்று படிவம் 6 போடுவது. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தப்பு. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் உங்களை யாரும் ஜெயிலுக்கு அனுப்பப் போவதில்லை, ஆனால் இரண்டு பதிவில் ஒன்றை அடிக்கும்போது எது அடிபடும் என்பது உங்கள் கையில் இருக்காது. படிவத்தின் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டால் ஒரு குறிப்பு எண் வரும், அதை வைத்து எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம்.

பி.எல்.ஓ. வந்தால் சொல்ல வேண்டியவற்றில் சென்னைக்கே உரிய ஒன்று, கதவு எண். பழைய எண், புதிய எண் என்று இரண்டு வைத்திருக்கும் ஊர் இது. என் பாகத்தில் ஒரே வீட்டில் இருந்த அண்ணன் பழைய எண் 14இல் இருந்தார், தம்பி புதிய எண் 27இல் இருந்தார். பட்டியலில் இருவருக்கும் நடுவே நாற்பது பேர். அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குப் பழைய எண் 27. அந்த வீட்டுக்குப் போய்த் தம்பியைத் தேடிவிட்டு, "இங்க அப்படி யாரும் இல்லம்மா" என்று கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறேன். இப்படித்தான் இருக்கும் ஆள் இல்லாதவர் ஆகிறார். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். பிளாட் என்றால் மாடி, பிளாக், கதவில் எழுதியிருக்கும் எழுத்து வரை சொல்லுங்கள். குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வருகிறதா என்று பட்டியலில் பாருங்கள். இல்லையென்றால் அதற்கும் படிவம் 8தான்.

அப்புறம் பெயர். இனிஷியலை விரித்து எழுதும் இடத்தில் அப்பா பெயர் நம் பெயராகி, நம் பெயர் அப்பா பெயராகிவிடும் கூத்து தினமும் நடக்கும். ஆங்கிலத்தில் ஏற்றியதை இயந்திரம் தமிழாக்கும்போது யாழினி "யாலினி" ஆவாள், வள்ளி "வல்லி" ஆவாள். ஓட்டுப் போடும் அன்று ஒரு எழுத்துப் பிழைக்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனாலும் சரிசெய்துகொள்ளுங்கள், பட்டியலில் தேடும்போது கிடைக்காமல் பெயரே போய்விட்டது என்று பதறும் வேலை மிச்சம்.

பெரிய அடுக்குமாடிகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிடுவார். "செக்ரட்டரி பர்மிஷன் இல்லாம உள்ள விட முடியாது மேடம், பேப்பரைக் குடுத்துட்டுப் போங்க." ஒரு வளாகத்தில் நான் கொடுத்த தாள்கள் இரண்டு வாரம் கழித்தும் அவர் மேசையில், பால் பாக்கெட் கூடைக்கு அடியில், நனைந்து ஒட்டிக்கிடந்தன. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். கடைசியில் "எங்க பிளாக்குக்கு யாருமே வரலை" என்று புகாரும் அவர்களிடமிருந்துதான் வந்தது. உங்கள் குடியிருப்பில் சங்கம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே ஒரு மேசை போட்டு பி.எல்.ஓ.வை உட்கார வையுங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும்.

கட்சிக்காரர் விஷயம். ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் ஒரு முகவரை நியமிக்கலாம், அவரை பி.எல்.ஏ. என்பார்கள். இது சட்டத்துக்குப் புறம்பான வேலை இல்லை. எஸ்.ஐ.ஆரில் ஒரு முகவர் நாளைக்கு 50 படிவம் வரை வாங்கி பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். நிஜத்தைச் சொன்னால், யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். என் பாகத்தில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து எனக்குப் பட்டியல் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். உதவியை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள், ஆதார் நகலைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பட்டியல் வேலைக்கு ஆதார் எண் கொடுப்பது நம் விருப்பம்தான், அதற்கென்றே படிவம் 6பி இருக்கிறது. சான்றாக நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அதன் குறுக்கே "வாக்காளர் பட்டியல் பணிக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டு, பி.எல்.ஓ. கையிலேயே கொடுங்கள்.

ஓடிபி. பி.எல்.ஓ.வுக்கு உங்கள் ஓடிபி தேவையே இல்லை. நீங்களே இணையத்தில் நுழையும்போது உங்கள் போனுக்கு ஒன்று வரும், அதை நீங்களே போடுவீர்கள், அவ்வளவுதான். போனில் கூப்பிட்டு, "எஸ்.ஐ.ஆர். லிஸ்ட்ல பேரு நிக்கணும்னா இந்த நம்பரைச் சொல்லுங்க" என்பவனிடம் பேசாமல் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் உடனே பேங்க்குக்குச் சொல்லிவிட்டு 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் கேட்பவரும் போலிதான், பெயர் சேர்க்க ஒரு பைசா கட்டணம் கிடையாது.

பதில் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். என் தங்கை மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கேயும் வருடா வருடம் கவுன்சிலிலிருந்து கடிதம் வரும், பதில் போடாவிட்டால் வீட்டுக்கே ஆள் வரும். கேட்ட தகவலைக் கொடுக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் போட அங்கே சட்டம் இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வசிப்பவர்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அங்கே ஓட்டுப் போடலாம் என்பதே அவளுக்கு அந்த ஆள் சொல்லித்தான் தெரிந்தது. இங்கே கதவைத் திறக்காத வீட்டுக்கு அப்படி அபராதம் போட்டு நான் பார்த்ததில்லை. பெயர் மட்டும்தான் போகும். (வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெயரை வீட்டுப் பட்டியலில் "இருக்கட்டும்" என்று விட்டுவைக்காதீர்கள். இந்தியக் குடியுரிமை இருந்தால் படிவம் 6ஏ போட்டு வெளிநாட்டு வாக்காளராகச் சேரலாம், ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும்.)

அப்படிப் பெயர் போய்விட்டால்? சாதாரணக் காலத்தில் விசாரிக்காமல், உங்கள் தரப்பைக் கேட்காமல் நீக்கக் கூடாது. உங்கள் தொகுதியின் வாக்காளர் பதிவு அதிகாரிதான் முடிவெடுப்பவர், கதவைத் தட்டிய பி.எல்.ஓ. அறிக்கை கொடுப்பவர் மட்டும். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. பதிவு அதிகாரியின் உத்தரவு தவறு என்றால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. படிவம் 6 போட்டால் திரும்ப ஏறிவிடும். எப்போது போட வேண்டும் என்பதுதான் முக்கியம். வேட்பு மனு தாக்கலுக்குக் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது.

இறந்தவர் பெயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அதுதான் கஷ்டமான கேள்வி. ஒரு வீட்டில் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து கணவர் பெயரைச் சொன்னேன். அந்தம்மா சட்டென்று பதில் சொல்லாமல், முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளில் இருந்த அந்த ஸ்டாம்ப் அளவுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டுமே டீச்சர். அடுத்த தடவை எடுத்துக்கலாம்." எடுக்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர் மகன் இறப்புச் சான்றிதழின் நகலோடு, பெயரை நீக்கும் படிவம் 7ஐக் கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசியாக உங்கள் மாமியார். கும்பகோணத்தில் ஓட்டு இருக்கிறது, பாதி நாள் உங்களோடு. எது அவருக்கு வீடு என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஊரில் வீடு, நிலம், ரேஷன் கார்டு எல்லாம் அங்கே, இங்கே பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து போகிறார் என்றால் ஓட்டு அங்கேயே இருக்கட்டும், பெரம்பூரில் சேர்க்க வேண்டாம். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு நிரந்தரமாகவே வந்துவிட்டார் என்றால் அவருக்கும் படிவம் 8. ஓட்டு அங்கேயே இருக்கப் போகிறது என்றால், ஊரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், யாராவது வந்து கேட்டால் "சென்னைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று சொல்லும்படி மறக்காமல் சொல்லிவையுங்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டை ஏதும் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்மணி மறுபடியும் வரலாம். மாமியார் கம்பிக்கதவைத் திறக்கக்கூட வேண்டாம். ஒரு தாளில் பழைய எண், புதிய எண், மாடி, உங்கள் பெயர், கணவர் பெயர், இரண்டு பேரின் வாக்காளர் அட்டை எண், "இரண்டு வருடமாக இங்கே குடியிருக்கிறோம், படிவம் 8 கொடுக்கப் போகிறோம், மாலை ஏழு மணிக்கு மேல் இருப்போம்" என்ற ஒரு வரி, உங்கள் போன் நம்பர். இவ்வளவும் எழுதி மாமியாரிடம் கொடுத்துவையுங்கள். அட்டையைப் பார்த்துவிட்டுக் கம்பி வழியாக நீட்டினால் போதும். பி.எல்.ஓ.வின் பெயரையும் நம்பரையும் அந்தத் தாளின் நகல் ஒன்றின் பின்பக்கம் எழுதச் சொல்லி, அதை வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.